ஒட்டிப் பாருங்கள்

அவருக்குப் பதவி உயர்வு வந்தது வெள்ளிக்கிழமை மாலை. சனிக்கிழமை காலையில் கார் கிழடாகிவிட்டது.

வியாழக்கிழமை வரை அந்தக் காரைப் போல ஒரு கார் பூமியில் கிடையாது. "இரும்புன்னா அது இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா, தும்மினா நெளிஞ்சிடும்" என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லிவந்தவர், சனிக்கிழமை பல் துலக்கிக்கொண்டே பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, இவ்ளோ மங்கிப் போச்சு" என்றார். கார் ஒரே இரவில் மங்கிவிடவில்லை. அவர்தான் ஒரே இரவில் மினுமினுக்கத் தொடங்கியிருந்தார்.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. புதுப் பதவியின் பெயர் முதுநிலைப் பொது மேலாளர். பெயர் நீண்ட அளவுக்குச் சம்பளம் நீளவில்லை. ஆனால் அதோடு அலுவலக வளாகத்தில் கார் நிறுத்த ஓர் இடம் வந்தது, அதுவும் சேர்மனின் இடத்துக்குப் பக்கத்து இடம். இத்தனை காலமும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு முண்டியடித்துப் போய்வந்தவருக்குப் பெயர்ப்பலகை நட்ட இடம். கைப்பேசியில் படமெடுத்து வந்து மனைவியிடம் நீட்டினார்.

அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கி உற்றுப் பார்த்தாள்.

"ஒரு 'ப்' விட்டுப்போச்சுங்க."

"எங்க?"

"முதுநிலைக்கும் பொதுவுக்கும் நடுவுல."

"அதையா பாக்கச் சொன்னேன்? பக்கத்துல யாரு இடம்னு பாரு."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. பள்ளிப் பாடப்புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறாள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளிலும் விட்டுப்போன புள்ளி, வழுக்கி விழுந்த கொம்பு, இடம் மாறிய கால் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் பிடித்து நிறுத்துவது வேலை. அச்சகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் பயந்துபோய் எழுத்துகள் தாங்களாகவே வரிசையில் நிற்கும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

இப்போது காரின் விஷயம்.

அந்தக் கார் தன் ஒருவர் கைக்குத்தான் கட்டுப்படும் என்பது முதுநிலையாரின் நம்பிக்கை. அதிலும் அந்த இரண்டாவது கியர். அதைப் போடுமுன் மூச்சை இழுத்துப் பிடிப்பார், கண்ணைச் சுருக்குவார், குழந்தையைக் கூப்பிடுவது போல "வா... வா" என்பார், பிறகு ஒரே தள்ளு. கறக் என்று ஒரு சத்தம் வரும். கியர் விழுந்துவிடும். விழுந்ததும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அவள் தலையசைக்க வேண்டும், அது கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ள நடைமுறை.

அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கவும் அவர் ஒரு காலத்தில் முயன்றார். ஒரு விளையாட்டு மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ஞாயிறு அவள் கால்பந்துக் கம்பத்தில் போய்ச் சாய்ந்தாள். அதோடு பாடம் முடிந்தது, கதை தொடங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர்க் கோப்பை கைக்கு வந்ததும், அவர் தொண்டையைச் செருமுவார்.

"உலகத்துலயே காரால கோல் போட்ட ஒரே ஆளு இவதான்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சர்க்கரையை நீட்டுவாள்.

அவருக்குத் தெரியாதது இதுதான்: அந்த ஞாயிற்றுக்கு அடுத்த மாதமே அவள் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள், உரிமம் வாங்கினாள். மகள் பத்தாவது படித்த ஆண்டிலிருந்து, அவர் பஸ் ஏறிப் போன பிறகு, வாரநாளில் தினமும் அந்தக் காரை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாள் அவள் எங்கும் போகவில்லை. சாவியைத் திருப்பினாள், அது உறுமியது, உடனே அணைத்துவிட்டு மாடியேறி வந்து தண்ணீர் குடித்தாள். மறுநாள் வாசல் வரை. மூன்றாம் நாள் மெய்ப்புத் தாள்களைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து அச்சகம் வரை. இவ்வளவு பெரிய இரும்பு ஒரு பாதத்தின் பேச்சைக் கேட்டு அசைகிறது என்பதில் அவளுக்கு அன்று உண்டான திகைப்பு இன்றுவரை தீரவில்லை. சமையலறையிலிருந்து பத்துத் தடவை கூப்பிட்டாலும் ஓர் ஆள் எழுந்து வராத வீடு அது. இங்கே பெருவிரலைக் கொஞ்சம் அழுத்தினால் மரங்கள் பின்னால் போயின, மின்கம்பங்கள் ஒதுங்கி வழிவிட்டன, மேட்டுச் சாலையின் உச்சியில் வானம் முழுவதும் கண்ணாடிக்குள் இறங்கி வந்தது. ஒருநாள் அங்கே மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டி, கூரைமேல் விழும் சத்தத்தைக் கேட்டபடி, உலகத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பில் மெய்சிலிர்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுதான் சிக்கல். அகமகிழ்ந்து எழுந்து நின்று, "அன்னைக்கு மைதானத்துல நான் போட்ட அஸ்திவாரம்" என்பார். மகள் கணக்கில் முதலாவதாக வந்தபோது "என் மூளை" என்றார். ஒரு புத்தகமே திரும்பி வந்திருக்கக்கூடிய பிழையை அவள் கண்டுபிடித்துப் பதிப்பகம் பாராட்டியபோது, "கண்ணாடி மாத்துன்னு நான்தானே சொன்னேன்" என்றார். இந்த உலகத்தில் அவர் அஸ்திவாரம் போடாத ஒன்றே ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. அது நாலு சக்கரத்தோடு கீழே நின்றது.

அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்கும் தெரியும் என்றே எல்லோரும் நினைத்திருந்ததால் யாரும் சொல்லவில்லை. பெட்ரோலை அவளே தன் மெய்ப்புக் காசில் போட்டுவிடுவாள். அதன் விளைவாக, ஞாயிறுதோறும் காரை எடுக்கும் அவர், முள் இறங்கவே இறங்காததைக் கண்டு மலைத்துப்போனார். "வண்டி பெட்ரோல குடிக்கிறதில்லப்பா, மோந்து பாத்துட்டே ஓடுது. எல்லாம் ஓட்டுற விதத்துல இருக்கு" என்று பஸ்ஸில் அவர் விளக்க, கணக்குப் பிரிவில் ஒருவர் அந்த விதத்தைக் கற்றுக்கொள்ள வீட்டுக்கே வந்தார்.

அப்படிப்பட்ட காருக்குத்தான் இப்போது வேளை வந்துவிட்டது.

ஞாயிறு மதியம் அவளுடைய தம்பி வந்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஊரில் எந்தப் புதுக் கார் இறங்கினாலும் அதன் ஜாதகம் அவன் வாயில் இருக்கும். வழவழப்பான விளம்பரத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான்.

"அத்தான், உங்க பழைய வண்டிய சேர்மன் வண்டிக்குப் பக்கத்துல நிறுத்துனீங்கன்னு வைங்க. வாட்ச்மேன் வந்து, யாருய்யா இத இங்க விட்டுட்டுப் போனதுன்னு கேப்பான்."

"அதான் மாப்ளே நானும் யோசிக்கிறேன்."

"யோசிக்கிற வயசா அத்தான் இது?"

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "ஓடுற வண்டிதானே" என்றாள்.

"ஓடுது. ஓடினா மட்டும் போதுமா?" என்றார் அவர். "நானும்தான் இத்தனை வருஷம் ஓடினேன், பஸ்ஸுக்குப் பின்னாடி."

"ரெண்டையும் வச்சுக்கலாமே."

"வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் கீழ இடம். பழசக் குடுத்துட்டுத்தான் புதுசு."

மகள் கைப்பேசியிலிருந்து தலையெடுக்காமல் புதுக் காரின் சிறப்புகளை வாசித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது சூப்பர். வண்டி எங்க போகுது, எங்க நிக்குது, எவ்ளோ வேகம், எல்லாம் ஓனர் போனுக்குச் சேதியா வந்துடும்."

"திருடன் எடுத்தாக்கூட?"

"திருடன் என்னப்பா, அம்மா எடுத்தாக்கூட."

மேசையே குலுங்கிச் சிரித்தது. அவர் தொண்டையைச் செருமினார். கால்பந்துக் கம்பம் வந்தது, கோல் விழுந்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. கை மட்டும் ஈரத்துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. வாரநாளில் புதுக் கார் துறைமுகத்தில் சேர்மனுக்குப் பக்கத்தில் நிற்கும். மிச்ச நாளில் அவள் தெருமுனை தாண்டினால் அவர் சட்டைப்பையில் மணியடிக்கும். அச்சகம் பரவாயில்லை, பஸ்ஸில் போகலாம். மேட்டுச் சாலைக்குப் பஸ் கிடையாது.

அடுத்த ஞாயிறு அவரும் அவளும் தம்பியுமாகப் பழைய காரில் ஷோரூமுக்குப் போனார்கள்.

ஷோரூம் என்று சொல்வது குறைவு. கண்ணாடிச் சுவர் மூன்று மாடி உயரம். உள்ளே குளிர், ஒரு வாசனை, எங்கிருந்தோ கசியும் இசை. தரையில் முகம் தெரிந்தது. நடுவில் ஒரு வட்ட மேடை மெல்லச் சுழல, அதன்மேல் கருநீலக் கார் ஒன்று, வந்திருந்த எல்லோருக்கும் தன்னை நாலாபுறமும் காட்டிக்கொண்டிருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. பழக்கதோஷத்தில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார், தம்பிதான் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினான்.

அவளுக்கும் மூச்சு நின்றது, பொய் சொல்வானேன். அந்தக் காரின் மேல் ஒரு மடிப்பு இல்லை, ஒரு மூட்டு தெரியவில்லை. நீரை யாரோ அந்த வடிவத்தில் நிற்கச் சொன்னது போலிருந்தது. மனிதக் கை இதைச் செய்தது என்றால் நம்ப மனம் வரவில்லை. இதன்மேல் பகைமை பாராட்டவும் முடியவில்லையே என்பது அவள் துக்கத்துக்குள் ஒரு துக்கம்.

கோட்டு அணிந்த ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். நெஞ்சில் 'வாகன அனுபவ ஆலோசகர்' என்று பட்டை. "விக்கிறவங்கன்னு சொல்லக் கூடாதாம்" என்று தம்பி காதைக் கடித்தான். ஆலோசகரின் தலைக்கு மேல், மேடையின் அகலத்துக்கு ஒரு பதாகை தொங்கியது.

புதிய காரை ஒட்டிப் பாருங்கள்.

அவளுக்கு விரல் துறுதுறுத்தது. "ஏம்மா, அதுல ஒரு சுழி குறையுது."

"எதுல மேடம்?"

"ஓட்டிப் பாக்கணும்னா 'ஓ' போடணும். இது ஒட்டிப் பாக்கறது. பசை வேணும்."

ஆலோசகர் அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைய இரண்டு முறை படித்தாள். "ரெண்டு மாசமா தொங்குது மேடம். யாருமே சொல்லல."

"அவளுக்கு அதே வேலைம்மா, நீங்க வாங்க" என்று அவர் மேடையைப் பார்த்து நடந்தார். ஒரே ஒரு சுழிதான். ஆனால் அது இல்லாவிட்டால் கார் கார் இல்லை, தபால்தலை.

ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி வெளியே காத்திருந்தது. தம்பி இலவசக் காப்பிக்கும் மெத்தை நாற்காலிக்கும் விசுவாசமாக உள்ளேயே தங்கிவிட்டான். அவர் ஓட்டுநர் சீட்டில், ஆலோசகர் பக்கத்தில், அவள் பின்னால்.

"வணக்கம். உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்றது கார்.

"வணக்கம்" என்றார் அவர், கைகூப்பாத குறையாக.

"கிளட்ச் இல்ல சார், கியர் போட வேண்டாம். எல்லாம் அதுவே பாத்துக்கும்."

"அப்ப நான் எதுக்கும்மா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் லேசாக ஒரு நடுக்கம் இருந்ததை அவள் மட்டும் கேட்டாள். மூச்சை இழுத்துப் பிடிக்க, கண்ணைச் சுருக்க, திரும்பிப் பார்க்க அந்தக் காரில் எங்கும் இடமில்லை.

கார் சத்தமே இல்லாமல் நழுவியது. வெளியே பார்க்கப் பிடிக்காமல் அவள் முன்சீட்டின் முதுகுப் பையிலிருந்த விளக்கக் கையேட்டை எடுத்தாள். தமிழில்தான் இருந்தது, தமிழ் போலவும் இருந்தது. கை தானாகவே கைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. 'எச்சரிக்கை ஒளியை நிறுத்தத் திரையின் கீழுள்ள பொத்தானை அழுத்தவும்' என்ற வரியில் ளி-யை வெட்டி லி போட்டாள். ஒளியில்லை, ஒலி. சத்தம்.

வெளிவட்டச் சாலைச் சந்திப்புக்கு வந்தபோது போக்குவரத்து நின்றிருந்தது. சுழல் விளக்கோடு ஒரு ஜீப் கடந்தது. அதன் பின்னால் வந்தது என்னவென்று முதலில் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

வெள்ளையாக இருந்தது. தொடக்கம் தெரிந்தது, முடிவு தெரியவில்லை. ஒரு லாரி அதன் அடியைச் சுமந்து வந்தது. லாரி போன பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது, வீடுகளைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, ஒரு தெருவே எழுந்து நடந்து வருவது போல. காற்றாலையின் இறக்கை, ஒற்றை இறக்கை. இதுபோல மூன்றைக் கட்டிக்கொண்டு ஒரு கம்பம் எங்கோ மலைமேல் நின்று காற்றைக் கடையப் போகிறது. அதன் வால் பக்கத்துக்கென்று தனியாகச் சக்கரங்கள். அந்தச் சக்கரங்களுக்கு மேல் தொத்திக்கொண்டு ஒரு மனிதன், முன்னால் போகும் லாரிக்காரனின் முகத்தைக் கூடப் பார்க்க முடியாத தூரத்தில், வாலைத் தனியே திருப்பிக்கொண்டு வந்தான். ஹார்ன்கள் அடங்கிவிட்டன. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, பேச்சில்லாமல், வாயைத் திறந்தபடி நின்றார்கள். சேர்மனாக இருந்தால் என்ன, முதுநிலையாக இருந்தால் என்ன, அதன் முன்னால் எல்லோரும் ஒரே அளவில் எறும்பு.

சந்திப்பில் அது திரும்பத் தொடங்கியது. முன்பக்கம் வலப்புறம் வளைய, வால் இடப்புறமாக, வானத்தைத் துடைத்துக்கொண்டு வந்தது, இவர்கள் நின்ற வரிசையின் மேலாக. சிவப்புக் கொடி பிடித்த ஓர் ஆள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"வண்டிய பின்னால எடுங்க. எல்லாரும் பின்னால."

பின்னாலிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக விலகின. அவர் எதையோ அழுத்தினார்.

"கவனம். பின்னால் தடை" என்றது கார். பிறகு "கவனம். முன்னால் தடை." பிறகு நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கீச்சிட்டது. அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதித்தது. கார் ஒரு கும்பிடு போட்டு நின்றது.

"சார், பின்னால போக ஆர் போடுங்க சார். அது பி" என்றாள் ஆலோசகர். அவள் குரலில் அனுபவமும் இல்லை, ஆலோசனையும் இல்லை.

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். "வா" என்றார் காரிடம். "வா... வா."

"மன்னிக்கவும். உங்கள் கட்டளை புரியவில்லை" என்றது கார்.

வெள்ளை நிழல் பானட்டின் நுனியைத் தொட்டது.

பின்கதவு திறந்தது. அவள் இறங்கினாள், சுற்றி வந்தாள், அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

இத்தனை வருடத்தில் அவரிடம் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ அவர் இறங்கிவிட்டார்.

"பின்னாடி உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார், சிவப்புக் கோடிட்ட கையேட்டின் மேலேயே. அவள் திரையின் கீழிருந்த பொத்தானை அழுத்தினாள். கார் வாயை மூடியது. அவள் ஒரு கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டு, உடம்பைத் திருப்பி, அவர் முகத்துக்கு மேலாகப் பின் கண்ணாடியைப் பார்த்தபடி வண்டியை எடுத்தாள். பின்னால் ஒரு டயர்க்கடை, ஒரு மதில், இடையில் ஒரு சந்து. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விட்டுப்போன புள்ளியை வைப்பது போல, அந்தச் சந்துக்குள் காரைக் கொண்டுபோய் வைத்தாள்.

அடுத்த நொடி இருட்டியது. இறக்கையின் அடிவயிறு முன்கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு சாண் இடைவெளியில் போயிற்று. எங்கும் ஓர் ஆணி இல்லை, ஒரு தையல் இல்லை, வெண்மைக்கு முடிவே இல்லை. கார் நடுங்கவில்லை, அவர்கள்தான் நடுங்கினார்கள். கடைசியில் வால் வந்தது. அதன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மனிதன் திரும்பி, காரை அல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளைப் பார்த்து, ஒரு விரலை நெற்றியருகே தூக்கி இறக்கினான். அவளும் ஒரு விரலைத் தூக்கினாள்.

வானம் திரும்பி வந்தது. ஊர் மறுபடி ஹார்ன் அடிக்கத் தொடங்கியது.

ஷோரூம் வரை அவளே ஓட்டினாள், யாரும் மாற்றச் சொல்லவில்லை. பாதி வழியில் ஆலோசகருக்குக் குரல் வந்தது.

"மேடம், நீங்க எத்தன வருஷமா ஓட்டுறீங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "என் பொண்ணு பத்தாவது படிச்சப்பலேருந்து."

ஒரு சிக்னல் கடந்த பிறகுதான் பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது.

"எந்த வண்டில?"

"நம்ம வண்டிலதான்."

இன்னொரு சிக்னல்.

"அப்ப அந்தப் பெட்ரோலு..."

"நான் போட்டது."

அவர் அதை மெல்ல விழுங்கினார். கணக்குப் பிரிவுக்காரர் கண்முன் வந்திருக்க வேண்டும். பிறகு, கடைசிக் கோட்டையையாவது காப்பாற்றிக்கொள்ளும் குரலில், "அந்த ரெண்டாவது கியர எப்படிப் போடுவ?" என்றார்.

"போட்டா விழும்."

"எனக்கு லேசுல விழாதே."

"நீங்க கிளட்ச முழுசா மிதிக்கிறதில்லங்க."

ஆலோசகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஷோரூமில் தம்பி மூன்றாவது காப்பியோடு எழுந்து வந்தான். "எப்படி அத்தான்? மெதக்குதுல்ல?"

ஆலோசகர் முந்திக்கொண்டாள். நடந்ததைச் சொல்ல அவளுக்குக் கை இரண்டு போதவில்லை. அந்த இறக்கை எவ்வளவு நீளம், சந்து எவ்வளவு குறுகல், மேடம் எப்படி ஒரே திருப்பில். அக்கம்பக்கத்துக் கோட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "இவ்ளோ நல்லா யார் மேடம் சொல்லிக் குடுத்தாங்க?" என்று ஒருவன் கேட்டான்.

அவர் தொண்டையைச் செருமினார்.

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். வரப்போகிறது. மைதானம், அஸ்திவாரம். சாலையும் மழையும் கூரைச் சத்தமும் இந்த ஒரு வாக்கியத்தில் அவருடையதாகிவிடும். தடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார், முன்பின் அறியாத ஒருத்தியைப் பார்ப்பது போல. இல்லை, அப்படியும் இல்லை. சந்திப்பில் கடைக்காரர்கள் அண்ணாந்து நின்றார்களே, அந்தப் பார்வை. தொடக்கம் தெரிகிறது, முடிவு தெரியவில்லை.

"யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார் அவர். "நான் குடுத்ததுல இவ கம்பத்துலதான் போய் இடிச்சா."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆலோசகர் கோப்போடு மேசைக்கு அழைத்தாள். வண்ணம், தவணை, பழைய காருக்கு என்ன விலை. அவர் எதையும் பார்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்த வண்டி எங்க போனாலும் என் போனுக்குச் சேதி வரும்ல?"

"ஆமா சார், நொடிக்கு நொடி."

"அத நிறுத்த முடியுமா?"

"அதுதான் சார் இதுல பெரிய வசதியே. கம்பெனியிலேருந்தே போட்டு வருது, எடுக்க முடியாது."

அவர் வட்ட மேடையைப் பார்த்தார். கருநீலக் கார் சலிக்காமல் தன்னைச் சுற்றிக்கொண்டிருந்தது. அழகுதான், அதிலொன்றும் மாற்றமில்லை. அதைப் பார்த்த கண்ணில் இன்னும் ஆசை இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"வேணாம்மா. வண்டி இருக்கு."

"என்ன அத்தான்" என்று தம்பி பதறினான். "சேர்மனுக்குப் பக்கத்துல?"

"அந்த இடம் அப்படியே கெடக்கட்டும் மாப்ளே. பலகைதான் நிக்குதே."

ஆலோசகர் லேசில் விடுகிறவளாக இல்லை. "இருக்கிற வண்டி யாரோடது சார்?"

"அவங்களோடது" என்று மனைவியைக் காட்டினார்.

"அப்ப உங்களுக்குன்னு ஒண்ணு வேணும்ல சார்?"

அவர் யோசித்தார். "எனக்குப் பஸ் இருக்கும்மா" என்றார். "ஜன்னலோரம்."

தம்பி மனமுடைந்து ஆட்டோவில் போய்விட்டான். வெளியே வெயிலில் பழைய கார் நின்றது. சாவி அவர் கையில் இருந்தது. ஓட்டுநர் பக்கம் வரை நடந்தவர் அங்கே நின்று, சாவியைக் கூரையின் மேலே வைத்து அவள் பக்கமாகத் தள்ளினார். பிறகு சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து இழுத்தார். கதவு மூடிக்கொள்ளவில்லை. மறுபடி இழுத்தார்.

"கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க."

"இது இப்படியா இத்தன நாளும்?"

"இப்படித்தான்."

தூக்கிச் சாத்தினார். கார் கிளம்பியது. அந்தப் பக்கத்திலிருந்து தெரு வேறு தெருவாக இருந்தது போலும், புது ஊருக்கு வந்தவர் போலக் கடைகளையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அவள் திரும்பவில்லை, மேட்டுச் சாலையைப் பார்த்து நேராக விட்டாள். அவர் அவளைப் பார்த்தார், எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் எதிரே ஒரு லாரி வந்தபோது உடம்பு முழுவதையும் கூட்டி, தன் பக்கத்துத் தரையை ஓங்கி மிதித்தார்.

"அங்க பிரேக் இல்லங்க" என்றாள் அவள்.

"தெரியும்" என்றார். அடுத்த வளைவிலும் மிதித்தார்.